எதற்காக இருக்கிறோம் என்று சொல்ல வேண்டி வந்தபோது: தொண்டு நிறுவன அனுபவங்கள்

படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்காக வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் பொருளாளராக இருக்கிறேன். எங்கள் நோக்கம் 'சமூகத்தின் ஒட்டுமொத்த மேம்பாடு' என்று எழுதியிருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர் முதல் கூட்டத்துக்கே பள்ளிகளில் கேட்டு வாங்கிய வருகைப் பதிவேட்டு நகல்களோடு வந்தார். ஆண்டறிக்கையில் 'பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள்' என்று நாங்கள் பெருமையாகப் போட்ட பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. முதல் இரண்டு மாதம் வருகை ஒழுங்காக இருந்தது. அப்புறம் கட்டம் கட்டமாக வராத குறி. பல பெயர்கள் மேல் சிவப்புக் கோடு.

"நம் வேலை சேர்த்துவிடுவதா, படித்து முடிக்க வைப்பதா?" என்று கேட்டார். மாலை முழுக்க அதே பேச்சுதான். கடைசியில் ஒரு வரிக்கு வந்து சேர்ந்தோம்: படிப்பை விட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பி, படித்து முடிக்கும்வரை கூட நிற்போம். அதன் கீழே அந்த ஆண்டுக்கான இலக்கு: இந்த ஆண்டு சேர்த்தவர்களில் ஆண்டு இறுதியில் எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. அதற்குப் பொறுப்பாளர் ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு.

அடுத்த சில மாதங்களில் ஒரு நன்கொடையாளர் வந்தார். பெரியவர்களுக்குக் கணினிப் பயிற்சி நடத்தினால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார். பயிற்சி நல்லதுதான், பணமும் தேவைதான். செயலாளர் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டி, "இதில் இது எங்கே வருகிறது?" என்று மட்டும் கேட்டார். மறுத்துவிட்டோம். நன்கொடையாளர் வேறு அமைப்புக்குப் போய்விட்டார், எங்களுக்கு அந்த ஆண்டு கையைக் கடித்தது, ஒரு மையத்தை மூடவும் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். பணம் வரும் திசையெல்லாம் நோக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனால், சிவப்புக் கோடு விழுந்த பிள்ளையைத் தேடிப் போக ஆள் இருக்காது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் கதை நினைவுக்கு வந்தது. வெள்ள நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு எங்களுடையது. வீடுகள் கட்டி முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதே பெயர், அதே நோக்கம், அதே கூட்டங்கள். "வேலை முடிந்துவிட்டதே, இனி எதற்கு நாம்?" என்று ஓர் இளம் உறுப்பினர் கேட்டபோது மூத்தவர்கள் சிலருக்குக் கோபமே வந்தது.

அப்போது நான் எடுத்துச் சொன்ன உதாரணம், அமெரிக்காவின் மார்ச் ஆஃப் டைம்ஸ். 1938இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவை எதிர்ப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் நிதி கொடுத்து ஆதரித்த சால்க் தடுப்பூசி 1955இல் பயனுக்கு வந்தது. 1958இல் பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பது என்று தங்கள் நோக்கத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார்கள். மூடுவதும் ஒரு வழி, மாற்றுவதும் ஒரு வழி. தலைமையில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். நாங்கள் மூடுவது என்றே முடிவு செய்தோம். மிச்சமிருந்த நிதியை அதே பகுதியில் வேலை செய்யும் இன்னோர் அமைப்புக்குக் கொடுத்தோம்.

*

இலக்கைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையம், அசுத்தமான குடிநீர் வழியாகப் பரவும் கினியா புழு நோயின் ஒழிப்பை 1986இல் கையில் எடுத்தபோது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய் இருந்ததாக மதிப்பீடு. 2023இல் பதிவானது 14 பேர். அங்கே எண்ணிக்கை நேராக நோக்கத்தையே அளக்கிறது. எல்லா வேலையும் அப்படி அமையாது.

தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது எங்கள் பணி. 'மாதம் இத்தனை வீடு' என்று இலக்கு வைத்தார்கள். தன்னார்வலர்கள் வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி, "உட்காராமல் போவதற்கு ஏன் கண்ணு வருகிறாய்?" என்று கேட்டதை ஒரு தன்னார்வலர் கூட்டத்தில் அப்படியே சொன்னார். எங்கள் தலைவி இலக்கையே மாற்றினார். நம் பொறுப்பில் உள்ள யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் பேச ஆளில்லாமல் இருக்கக் கூடாது, போனால் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். பார்க்கும் வீடுகள் குறைந்தன. நிதி தருபவர்களிடம் ஏன் குறைந்தது என்று விளக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.