மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை உறுப்பினர்:
2022 ஆகஸ்டில் மின்வாரியத்தின் கட்டண உயர்வு மனு மீது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டதே, அதில் கோவைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். விசைத்தறிக்காரர்கள், சிறுதொழில் நடத்துபவர்கள், விவசாயிகள் என்று ஒவ்வொருவராக வந்து வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள், எல்லாம் நியாயமான பேச்சு. காற்றாலை, நூற்பாலைத் தரப்பில் வந்தவர்களோ மனுவில் எந்தக் கணக்கு இடிக்கிறது, எந்த விதிக்கு முரண் என்று சொல்லிவிட்டு அதையே எழுத்திலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி ஆட்சேபம் சொல்லும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அவ்வளவு பெரிய மனுவைப் படிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்தவருக்கும் வீட்டு மீட்டர்காரருக்கும் அது ஒன்றாகவா இருக்கிறது?

காற்றாலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர்:
அந்த மாதிரி எழுத்து ஆட்சேபங்களைத் தயாரிக்கும் பக்கத்தில் இருந்தவன் நான். மேடையில் பேசுவது சின்ன வேலை, பெரிய வேலை புது விதிகளின் வரைவு வெளியானவுடனே தொடங்கிவிடும். 2021 ஆகஸ்டில் பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளின், அதாவது காற்றாலை மாதிரியான பசுமை மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகவே, ஆனால் உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாகப் பெறுவதற்கான விதிகளின் வரைவை மத்திய மின் அமைச்சகம் வெளியிட்டது. நம் ஊரில் காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை, அப்போது உற்பத்தியாகும் உபரி யூனிட்டை மின்வாரியத்தின் வலையமைப்பில் கணக்கு வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வதுதான் பேங்கிங். ஆணையத்தின் 2018 உத்தரவுப்படி அதற்குக் கட்டணமாக 14 சதவீத யூனிட்டைக் கழித்துக்கொண்டார்கள். இந்த நிலையில் கணக்கை மாதாமாதம் முடிப்பதா வருஷத்துக்கு ஒரு முறையா என்ற ஒரே ஒரு வார்த்தையில் ஓர் ஆலையின் லாபமே மாறிவிடும். அதனால் இந்த மாதிரி வரைவு எது வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் எங்கள் மாற்று வாசகத்தை எழுதி அனுப்புவோம், அதிகாரிகளை நேரிலும் பார்ப்போம். சட்டவிரோதம் எதுவும் இல்லை. கடைசியில் 2022 ஜூனில் வந்த விதிகள் பேங்கிங்கைக் குறைந்தது மாதக் கணக்கில் தர வேண்டும் என்றன, திறந்த அணுகலுக்குத் தேவையான குறைந்தபட்ச மின்தேவை வரம்பும் 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறங்கியது, சிறிய ஆலைகளுக்கு அது நிஜமாகவே நல்லது. அந்த 14 சதவீதம் சரியா, குறைவா? குறைவு என்றால் பேங்கிங்கால் மின்வாரியத்துக்கு ஆகும் மிச்சச் செலவு மற்ற நுகர்வோர் தலையில்தானே விழும்? இதை வீட்டு இணைப்புக்காரர் யாரும் எழுதிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கோவை உறுப்பினர்:
அண்ணா, அப்படியென்றால் அடுத்த வரைவு வரும்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா? ஒரு பக்கமாவது நாங்களே எழுதி அனுப்புகிறோம்.