அமேசான் கேஸ் ஸ்டடியைப் பாம்பன் மீன் ஆப்புக்குப் பொருத்துவது எப்படி?

தொண்டி_எம்பிஏ:
எம்பிஏ வகுப்பில் அமேசானின் ஆரம்பகால வளர்ச்சி பற்றிய கேஸ் (வகுப்பில் விவாதிக்க எழுதும் தொழில் நிலவரம்) படித்துவிட்டு, அதே முறையில் உள்ளூர்த் தொழில் ஒன்றுக்குக் கேஸ் எழுத வேண்டும். பாம்பன், மண்டபம் நாட்டுப்படகுகளிடம் மீன் எடுத்து மதுரையில் வீடுகளுக்கு விற்கும் ஆப் என்று கற்பனையாக எடுத்திருக்கிறேன். "படகு கூடினால் வாடிக்கையாளர் கூடுவார், நெட்வொர்க் எஃபெக்ட்" என்று இரண்டு பக்கம் ஓடிவிட்டது. "கணக்கு எங்கே?" என்கிறார் சார். எதில் தொடங்கலாம்?

கணக்குப்புள்ள:
நெட்வொர்க் எஃபெக்டை ஓரமாக வையுங்க. முதலில் கேஸின் பின்னால் இருக்கும் பேலன்ஸ் ஷீட். கையிருப்புச் சரக்கை அடக்கவிலையால் வகுத்து 365ஆல் பெருக்குங்க, அது சரக்கு நாள். வரவேண்டிய பாக்கியை விற்பனையால் வகுத்து அதேபோல். இரண்டையும் கூட்டி, சப்ளையருக்குத் தரவேண்டிய பாக்கி நாளைக் கழிங்க (இதற்கும் அடக்கவிலைதான் வகுஎண்). நம்ம காசு எத்தனை நாள் முடங்கிக் கிடக்குது என்பதுதான் விடை. அமேசானுக்கு விடை மைனஸில் வரும். வாங்குறவர் உடனே கட்டுறார், சப்ளையருக்குச் சில வாரம் கழித்துத்தான் போகுது. விற்பனை ஏற ஏறக் கையில் காசு சேரும். 1997இல் பங்குச்சந்தைக்கு வந்தவர்கள் முதல் நிகர லாபம் காட்டியது 2001 கடைசிக் காலாண்டில்தான், 50 லட்சம் டாலர். அதற்காக இது ஒன்றாலேயே தாக்குப்பிடித்தார்கள் என்று எழுதிடாதீங்க, இடையில் பெரிய அளவில் கடன்பத்திரமும் விற்றார்கள்.

பாம்பனில் இது தலைகீழ். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார், மீன் அவர் தராசுக்குத்தான் போகணும். படகு உங்க பக்கம் வரணும்னா பழைய முன்பணத்தை நீங்க அடைக்கணும். படகுக்கு 1 லட்சம் என்று வைத்தால் 20 படகுக்கு 20 லட்சம், ஒரு மீன்கூட ஏறும் முன்பே. இங்கே வளர்ச்சி காசைத் தின்னும்.

மத்தி_மீன்:
கேரளத்தில் 1997-2001இல் செல்போன் வந்தபோது மத்தி மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை கிடைத்த கரைக்குப் போனார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சனின் 2007 ஆய்வு: வீணாகும் மீன் ஏறக்குறைய நின்றது, மீனவர் லாபம் சுமார் 8% ஏறியது, மக்களுக்கு விலை சுமார் 4% இறங்கியது. முன்பணம் எதற்கு? விலை தெரிந்தால் போதாதா?

கணக்குப்புள்ள:
அந்த ஆய்வில் படகு எந்தக் கரைக்கும் போகலாம். முன்பணம் வாங்கிய படகுக்கு விலை தெரிஞ்சும் என்ன செய்ய? விலைத் தகவலும் விற்கும் உரிமையும் வேறவேற. அதைக் கேஸில் ஒரு பத்தியாவது எழுதுங்க, சார் கேட்பார்.

ஐஸ்பெட்டி:
ஒரு கிலோவுக்கான கணக்கிலும் பலர் வழுக்குவாங்க. முழு மீன் கிலோ 300 என்று வைங்க. சுத்தம் செய்தபின் 650 கிராம் நின்றால், வெட்டிய மீனின் அடக்கம் 300 இல்லை, கிலோவுக்குச் சுமார் 460. பொடிமீனில் கழிவு இன்னும் கூடும். மீன் எடைக்குச் சமமா ஐஸ் போடணும், அதனால் 500 கிலோ மீனுக்கு வண்டி 1 டன் இழுக்கணும். மதுரைக்கு வண்டி வாடகை 5,000 என்றால் 100 கிலோவுக்குக் கிலோ 50 ரூபாய், 500 கிலோவுக்கு 10. இந்த மூன்றில் மீன் அளவு கூடினால் கிலோவுக்குக் குறையும் செலவு வண்டி வாடகைதான். ஐஸும் வெட்டுக்கூலியும் கிலோவுக்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு போகும், ஆனால் சந்தையில் மீன் குறைந்து கரை விலை ஏறும். ஆப்பில் ஒரே விலை போட்டு வைத்திருந்தால் அந்த இரண்டு மாதம் நஷ்டம்.

தொண்டி_எம்பிஏ:
நன்றி அண்ணா. அப்போ கேஸை எங்கே முடிக்க?

கணக்குப்புள்ள:
ஏப்ரல் 1. நிறுவனர் கையில் 15 லட்சம். 15 படகுக்கு முன்பணம் கொடுத்து நேரடியா எடுப்பதா, முன்பணமே இல்லாமல் வியாபாரியிடம் ஏலத்தில் எடுத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலா கொடுப்பதா? அங்கேயே நிறுத்திடுங்க. என்ன முடிவெடுத்தார்னு எழுதினால் வகுப்பில் பேச ஒன்றும் மிஞ்சாது.