புதுப்பிப்பு: 1860 ஃபார்த்திங்கின் ஓரம், கறுப்புக் காசுகள்

ஒரே 1860 ஆண்டு போட்ட இரண்டு விக்டோரியா ஃபார்த்திங்குகளின் (கால் பென்னி மதிப்புள்ள பழைய பிரிட்டிஷ் காசு) ஓரம் ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. ஒன்றில் ஓரம் முழுக்க உருண்டை முத்துகள். மற்றதில் நீளமான பற்கள். செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறிய முதல் ஆண்டிலேயே அச்சையும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முத்து, மறுபக்கம் பல் என்று கலந்து அச்சானதும் உண்டு. அது மிக அரிது. அதனால் 1860 கிடைத்தால் இரண்டு பக்கமும் பாருங்கள். ராணியின் தலைக்குக் கீழே ஆண்டு இருந்தால் அது பழைய செப்புக் காசு. வெண்கலத்தில் ஆண்டு மறுபக்கத்தில், உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண் உருவத்துக்குக் கீழே இருக்கும். 1860 போட்ட செப்புக் காசு அபூர்வத்திலும் அபூர்வம்.

1874 காசில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் 'ஹெச்' பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணய ஆலையின் குறி. அதில் 'ஜி' எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். படுத்த 'ஜி' மேல் நேரான 'ஜி' குத்திய வகை ஒன்று இருக்கிறது. என்னுடையது சாதாரண வகைதான்.

சில ஃபார்த்திங்குகள் ஏன் கறுப்பாக இருக்கின்றன என்றும் கேட்டிருந்தேன். அது அழுக்கு இல்லை. புது ஃபார்த்திங்கைத் அரை சவரன் தங்க நாணயம் என்று ஏமாற்றித் தள்ளாமல் இருக்க, 1897 முதல் ஆலையிலேயே கறுப்பேற்றி வெளியிட்டார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு போனால் திரும்பாது, மதிப்பும் போய்விடும்.

அடுத்து 1895. அந்த ஆண்டில் ராணி கொண்டை போட்டிருக்கும் கொண்டைத் தலையும், முக்காடு போட்டிருக்கும் முக்காட்டுத் தலையும் இரண்டும் உண்டு. கொண்டைத் தலைதான் அரிது, தேடிக்கொண்டிருக்கிறேன்.