தம்பிக்கு பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா?

திருப்பூர் அக்கா (கேள்வி)

என் தம்பி இப்போதுதான் பத்தாவது முடித்தான். 371 மார்க், கணக்கில் 82. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், நான் இன்னொரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அவனுக்கு டிப்ளமோ ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) படிக்க ஆசை. ஓடாத மிக்ஸி, மோட்டார் எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

மாமா விடமாட்டேன் என்கிறார். "டிப்ளமோ படிச்சவனெல்லாம் பன்னிரண்டாயிரத்துக்கு அலையறான், பிளஸ் டூ போட்டு இன்ஜினியரிங் சேரு" என்கிறார். கோவை அரசு பாலிடெக்னிக்குக்கு அப்ளிகேஷன் போட இருக்கிறோம். கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, பஸ்ஸோடு சேர்த்து வருடம் 45,000 கேட்கிறார்கள். கடன் வாங்கித்தான் கட்டவேண்டும். போட்ட காசு திரும்புமா?

ஓசூர் மெயின்டனன்ஸ்

தங்கச்சி, நானும் டிப்ளமோ ட்ரிபிள் ஈதான். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். டிப்ளமோ டிரெய்னிகளை இன்டர்வியூவில் எடுப்பதும் என் வேலைதான்.

அரசு பாலிடெக்னிக் ஃபீஸ் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளிப் பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். டிப்ளமோவுக்கும் அது உண்டு. தனியார் என்றால் மூன்று வருடத்துக்கு 1,35,000. ஆனால் பெரிய செலவு ஃபீஸ் இல்லை. படிப்பு முடிந்த முதல் இரண்டு வருடம்தான். டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு (வேலை பழகுபவருக்கு) 2019 விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 என்று வைத்தார்கள். எங்கள் கம்பெனியில் டிரெய்னிக்கு 14,000. கேன்டீன், பஸ் தனி. ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கடன் வாங்கினால் அந்த இரண்டு வருடம் தவணையை நீங்களும் அம்மாவும்தான் கட்டவேண்டியிருக்கும். அதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

மாமா சொல்வது பொய்யில்லை. ஆனால் பன்னிரண்டாயிரத்திலேயே நிற்பவனும் இருக்கிறான், ஏறிப் போகிறவனும் இருக்கிறான். அசெம்பிளி லைனில் நிறுத்தி ஒரே போல்ட்டை இரண்டு வருடம் முறுக்கவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை எடுக்கிற கம்பெனிகள் உண்டு. அங்கிருந்து வெளியே வரும் பையனிடம் சொல்லிக்கொள்ள ஒரு வேலையும் இருக்காது. அந்தப் பிள்ளைகளை இன்டர்வியூவில் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். போன மாதம் நைட் ஷிப்டில் ஒரு கன்வேயர் நின்றுவிட்டது. எல்லோரும் சென்சார் போச்சு என்று ஸ்டோரில் புது சென்சார் கேட்கப் போனார்கள். இரண்டாம் வருட டிரெய்னி ஒருவன் பேனலைத் திறந்து பார்த்தான். சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) கார்டில் அந்த இன்புட் விளக்கு எரியவில்லை. சென்சார் நன்றாக இருக்கிறது, நடுவில் கேபிள் போயிருக்கிறது என்றான். ஓடும் செயினுக்குள் வளைந்து வளைந்து ஒரு வயர் அறுந்திருந்தது. கால் மணி நேரத்தில் லைன் ஓடியது. இப்படிப்பட்டவனை எந்தக் கம்பெனியும் விடாது. எங்களிடம் ஐந்தாவது வருடத்தில் இவர்கள் 30,000 தாண்டுகிறார்கள். மிக்ஸியைப் பிரிக்கிற உங்கள் தம்பிக்கு அந்தக் கை வரும் என்று நினைக்கிறேன்.

ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் பரீட்சைக்கும் டிப்ளமோ போதும். அடிப்படைச் சம்பளமே 35,400. போட்டி கடுமை, அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது.

சேலம் லேட்டரல்

அக்கா, நான் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்தேன். டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, மொத்தம் ஆறு வருடம். பிளஸ் டூ படித்து பி.இ. போனாலும் இரண்டும் நாலும் ஆறுதான். வருடம் வீணாகாது, நடுவில் கையில் ஒரு சர்டிபிகேட்டும் இருக்கும். கணக்குதான் அடிக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் பி.இ. முதல் வருடத்தில் படித்துவிட்ட கணக்கு நமக்குப் புதிதாக இருக்கும். தம்பிக்கு பி.இ. ஆசை வந்தால் டிப்ளமோ கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ் மீடியம் என்று பயப்படாதீர்கள், முதல் செமஸ்டர் தாண்டிவிட்டால் பழகிவிடும்.

கணக்கு வாத்தியார்

பதினைந்து வயசுப் பையன் ஆசை மாறும் அம்மா. நீட் எழுத வேண்டும் என்று பிறகு தோன்றினால் பிளஸ் டூ இல்லாமல் முடியாது. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் முடித்தவர்களை டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர்க்கிறார்கள். ஒரு வருடம் கூடும், அவ்வளவுதான். அவன் மனம் உறுதியாக இல்லையென்றால் அந்த வழி நல்லது.

திருப்பூர் அக்கா

அவன் உறுதியாகத்தான் இருக்கிறான் சார். ஓசூர் அண்ணா, தனியார் கல்லூரி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓசூர் மெயின்டனன்ஸ்

லேப் நடக்கும் நேரத்தில் தம்பியோடு போங்கள். பிஎல்சி கிட் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கிறதா, பையன்கள் கை வைக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஆபீசில் கேட்காமல், மூன்றாம் வருடப் பையன்களை டீக்கடையில் பிடித்துக் கேளுங்கள்: போன வருடம் எந்தக் கம்பெனிகள் வந்தன, எந்த டிபார்ட்மென்ட், கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலையா) கான்ட்ராக்டா? கான்ட்ராக்ட் மட்டும்தான் என்றால் கடன் வாங்கி அங்கே சேர்க்காதீர்கள், வாத்தியார் சொன்ன பிளஸ் டூ வழியே மேல். அரசுக் கல்லூரி சீட் வந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். மாமாவிடம் நான் பேச வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், பேசுகிறேன்.