2 டீபி ஹார்ட் டிஸ்க் விண்டோஸில 1.81 டீபி காட்டுது: மிச்சம் எங்கை?

கிளிநொச்சி_ஒளி:

வணக்கம். கலியாண வீடியோ சேமிக்க 2 டீபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டும், கமராவுக்கு 64 ஜீபி கார்ட் ஒண்டும் வவுனியாவில வாங்கினது. டிஸ்கை விண்டோஸ் 10 இல செருகினால் 1.81 டீபி எண்டு காட்டுது, கார்ட் 59.4 ஜீபி. ரெண்டுக்குள்ளயும் ஒரு கோப்பும் இல்லை. அதே டிஸ்கை மக்புக்கில போட்டால் 2 டீபி எண்டு வருது.

இது போலிச் சாமானா, இல்லாட்டி கணக்கில ஏதும் வித்தியாசமா? ஒரு கலியாணத்துக்கு விண்டோஸ் கணக்கில 180 ஜீபி வருது. 2000ஐ 180 ஆல பிரிச்சால் 11 கலியாணம் வைக்கலாம் எண்டு வருது. அந்தக் கணக்கு சரியோ?

பரந்தன்_பைட்:

நீங்கள் சொன்ன எண்களைப் பாத்தால் ரெண்டிலயும் குறை தெரியேல்லை. ரெண்டு அளவுகோல் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே பெயரை வைச்சிருக்கினம். அதுதான் வில்லங்கம்.

டிஸ்க் செய்யிறவை ஆயிரக் கணக்கில எழுதினம்: 1 ஜீபி எண்டால் 100 கோடி பைட், 1 டீபி எண்டால் ஒரு இலட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 கணக்கில பிரிக்குது: 1024 × 1024 × 1024 = 1,073,741,824 பைட்டைத்தான் அது 1 ஜீபி எண்டு சொல்லும். பெரிய அலகால பிரிச்சால் விடை சின்னனாத்தான் வரும். ஊரில 5 ஏக்கர் எண்டு சொல்லுற வயல், ஹெக்டேயரில எழுதினால் 2.02 எண்டு வரும். நிலம் சுருங்கேல்லை. அங்கை அலகின்ர பெயர் வேற எண்டபடியால் ஒருத்தரும் கடைக்காரரோட சண்டைக்குப் போறேல்லை.

உங்கட டிஸ்கின்ர ஐகனில வலது கிளிக் பண்ணி ப்ரொப்பர்டீஸ் திறவுங்கோ. கப்பாசிட்டி எண்ட வரியில ரெண்டு எண் நிக்கும். இடது பக்கம் நீளமா இருக்கிற பைட் எண் 2,000 எண்டு தொடங்கி, மொத்தம் 13 இலக்கமா இருந்தால் பெட்டியில போட்டது அப்பிடியே இருக்கு. அந்த எண்ணை 1024 ஆல நாலு தரம் பிரிச்சுப் பாருங்கோ, 1.819 வரும். விண்டோஸ் கடைசி இலக்கத்தை வெட்டி 1.81 எண்டு போடும்.

மனக்கணக்குக்கு: ஜீபியை 0.931 ஆல பெருக்குங்கோ, டீபியை 0.909 ஆல. 128 ஜீபி 119.2 ஆகும், 256 ஜீபி 238.4, 500 ஜீபி 465.6, 1 டீபி 931 ஜீபி. அலகு பெருக்கப் பெருக்க இடைவெளியும் கூடும். கிலோபைட்டில ரெண்டு கணக்குக்கும் வித்தியாசம் 2.4 வீதம்தான், டெராபைட்டில அது 10 வீதத்துக்குக் கிட்ட. அதாலதான் பழைய சின்ன டிஸ்குகளில ஒருத்தரும் இதைக் கவனிக்கேல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998இல சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1024 கணக்குக்கெண்டு தனிப் பெயர்கள் கொண்டுவந்தது: கிலோவுக்குப் பதிலா கிபி, மெகாவுக்கு மெபி, கிகாவுக்கும் ஒரு கிபி. தமிழில எழுதினால் முதல் கிபியும் கடைசிக் கிபியும் ஒரே எழுத்தாத்தான் வரும்! அதால இங்கை நான் "ஆயிரக் கணக்கு", "1024 கணக்கு" எண்டே எழுதுறன். விண்டோஸ் இண்டைக்கும் அந்தப் புதுப் பெயர்களை எடுக்கேல்லை. அப்பிள் 2009இல வந்த ஸ்னோ லெப்பர்ட் எண்ட மக் இயங்குதளத்தோட ஆயிரக் கணக்குக்கு மாறிட்டுது. உங்கட மக்புக் 2 டீபி காட்டினது அதாலதான்.

இப்ப உங்கட 11 கலியாணம். அது பிழை. 180 விண்டோஸில பாத்த எண், 2000 பெட்டியில பாத்த எண். ரெண்டு கோலையும் ஒரு கணக்கில கலக்கக் கூடாது. ரெண்டையும் விண்டோஸில எடுங்கோ: 2000 × 0.931 = 1862, 1862 ÷ 180 = 10.3. பத்துக் கலியாணம் வைச்ச பிறகு 62 ஜீபிதான் மிஞ்சும்.

முல்லை_நெட்:

@பரந்தன்_பைட் சொன்ன கணக்கு சரி. ஆனால் "2,000 எண்டு தொடங்கினால் அப்பிடியே இருக்கு" எண்டதில நிண்டிடக் கூடாது. போலி டிஸ்கும் போலி கார்ட்டும் அதே எண்ணைக் காட்டும். உள்ளுக்கு 32 ஜீபி சிப்பை வைச்சுக்கொண்டு, 2 டீபி இருக்கெண்டு அந்தச் சிப்பை நடத்துற கொன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைச்சிருப்பினம். விண்டோஸ் அந்தப் பொய்யை அப்பிடியே நம்பும். கோப்பு ஏறுற மாதிரித் தெரியும், பெயரும் அளவும் இருக்கும், திறந்தால் உள்ளுக்கு ஒண்டும் இராது. ஒருவருக்கு ஒரு தரம்தான் கலியாணம் எடுக்கிறம், அதைச் சோதிக்காத கார்ட்டில எடுக்கவேண்டாம்.

எழுதித் திருப்பி வாசிச்சுப் பாக்கிறது ஒண்டுதான் நம்பக்கூடிய சோதனை. விண்டோஸில எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட இலவச மென்பொருள், லினக்ஸில எஃப்3. முதல்ல கார்ட்டில இருக்கிறதை வேற இடத்துக்கு மாத்துங்கோ, பிறகு ஃபோர்மட் பண்ணுங்கோ, ஏனெண்டால் வெறுமையா இருக்கிற இடத்தைத்தான் அது சோதிக்கும். "ஓல் அவைலபிள் ஸ்பேஸ்" தெரிவு செய்து எழுதவும் வாசிக்கவும் விடுங்கோ. 64 ஜீபி கார்ட்டுக்கு செக்கனுக்கு 20 மெகாபைட் வேகம் எண்டால் எழுதவே 53 நிமிசம். 2 டீபி டிஸ்குக்கு செக்கனுக்கு 100 மெகாபைட் போனாலும் எழுத அஞ்சரை மணித்தியாலம், வாசிக்க இன்னொரு அஞ்சரை. லப்டொப் தூங்கப் போகாமல் ஸ்லீப்பை நிப்பாட்டி, சார்ஜரோட இரவில விடுங்கோ. இடையில கரண்ட் போய் மெசின் நிண்டால் திரும்ப முதல்ல இருந்துதான்.

ஒரு விசயம்: அந்த மென்பொருளும் 1024 கணக்கிலதான் அளவு சொல்லும். 64 ஜீபி கார்ட்டுக்கு 59 சொச்சம் எண்டு வந்தால் பயப்படவேண்டாம். பிழையில்லாமல் முடிஞ்சுதா எண்டதைத்தான் பாக்கவேணும். மாறி, 2 டீபி எண்டு விக்கிற டிஸ்க் விண்டோஸிலயே முழுசா 2.00 டீபி காட்டினால் அப்பத்தான் சந்தேகப்படுங்கோ.

மல்லாவி_கணினி:

ரெண்டு பேரும் சொல்லாத இடங்களைச் சேர்க்கிறன், வீடியோ வேலைக்கு இவைதான் கையைக் கடிக்கும்.

கமராவின்ர வேகம் எப்பவும் ஆயிரக் கணக்கு, அதுவும் பைட்டில இல்லை, பிட்டில. செக்கனுக்கு 100 மெகாபிட் எண்டால் எட்டால பிரிச்சு 12.5 மெகாபைட், ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜீபி. 64 ஜீபி கார்ட்டில 85 நிமிசம் எடுக்கலாம். விண்டோஸ் காட்டின 59.4ஐ 45 ஆல பிரிச்சால் 79 நிமிசம் எண்டு வரும், அது கலப்புக் கணக்கு. ஆனாலும் தாலி கட்டுற நேரத்தில கார்ட் நிரம்பினால் திருப்பி எடுக்க ஏலாது, நான் 75க்கு மேல நம்பச் சொல்லமாட்டன்.

டிவிடி கேக்கிற சனம் இன்னும் இருக்கு. 4.7 ஜீபி டிவிடி ஆயிரக் கணக்கு. விண்டோஸில அது 4.37 மட்டும்தான். 4.5 ஜீபி எண்டு விண்டோஸ் காட்டுற கோப்பை எரிக்க வெளிக்கிட்டால் இடம் காணாது எண்டு சொல்லும், 4.3க்குக் கீழ எக்ஸ்போர்ட் பண்ணுங்கோ. 700 எம்பி சீடி மட்டும் 1024 கணக்கு, அதை இதோட குழப்பவேண்டாம். கணினியின்ர நினைவகமான ரமும் 1024 கணக்குத்தான்: 8 ஜீபி ரம் எண்டால் உண்மையிலயே 8,589,934,592 பைட், அங்கை குறைச்சல் வராது.

ஃபட்32 எண்ட முறையில ஃபோர்மட் பண்ணின பென் டிரைவில ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. மக்புக்கில 4.2 ஜீபி எண்டு தெரியிற கோப்பு ஏறும், விண்டோஸில 4.2 ஜீபி எண்டு தெரியிற கோப்பு ஏறாது. எண் ஒண்டு, கோப்பு வேற! டிரைவில எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் இதுதான் நடக்கும். பெரிய வீடியோவுக்கு எக்ஸ்ஃபட் எண்ட மற்ற முறையில ஃபோர்மட் பண்ணினால் இந்தப் பிரச்சினை வராது.

எக்ஸ்ஃபட்டுக்கு வேற ஒரு செலவு இருக்கு. 32 ஜீபிக்கு மேலான டிரைவை விண்டோஸில சும்மா ஃபோர்மட் பண்ணினால் ஒவ்வொரு கோப்பும் குறைஞ்சது 128 கேபி இடம் பிடிக்கும். 10 கேபி சிறுபடங்கள் 20,000 இருந்தால் சேர்த்து 195 எம்பிதான் வரவேணும், டிஸ்கில பிடிக்கிறதோ 2.4 ஜீபி. ப்ரொப்பர்டீஸில "சைஸ்", "சைஸ் ஒன் டிஸ்க்" எண்டு ரெண்டு வரி இருக்கிறது இதுக்குத்தான். சின்னக் கோப்புகளை ஒரு ஸிப் கோப்புக்குள்ள கட்டி வையுங்கோ.

கிளிநொச்சி_ஒளி:

நன்றி. டிஸ்கில கப்பாசிட்டி 2,000,39... எண்டு 13 இலக்கத்தில இருக்கு, கார்ட்டில 63,8... எண்டு 11 இலக்கம். கார்ட்டில 64,000 எண்டு தொடங்கேல்லையே, அது பரவாயில்லையோ? சோதனையை இரவுக்குப் போடுறன். ஒரு சந்தேகம்: டிஸ்கை ரெண்டாப் பிரிச்சு, முதல் பகுதி விண்டோஸில சரியா 500 ஜீபி எண்டு தெரியவேணும் எண்டால் என்ன எண் குடுக்கிறது?

பரந்தன்_பைட்:

கார்ட்டில கொஞ்சம் குறையிறது வழமை. அதின்ர சிப்பில ஒரு பங்கு, பழுதாகிற பகுதிகளுக்குப் பதிலா ஒதுக்கி வைச்சிருப்பினம். 63.8ஐ வைச்சுக் கணக்குப் போட்டால் 59.4 சரியா வரும்.

பிரிக்கிறதுக்கு விண்டோஸின்ர டிஸ்க் மேனேஜ்மென்டில எண்ணை எம்பியில கேக்கும், அதுவும் 1024 கணக்கு. 500 × 1024 = 512000 எண்டு அடியுங்கோ. 500000 அடிச்சால் 488 ஜீபி எண்டுதான் தெரியும். லினக்ஸில பாக்கிறவை கவனிக்கவேண்டியது, டிஸ்க் இடத்தைக் காட்டுற டிஎஃப் கட்டளைக்கு சின்ன எச் போட்டால் 1024 கணக்கு, பெரிய எச் போட்டால் ஆயிரக் கணக்கு.

@முல்லை_நெட் சொன்னதுக்கு நன்றி, என்ர முதல் பதிலில அந்தச் சோதனையையும் எழுதியிருக்கவேணும். சோதனை முடியுமட்டும் டிஸ்கைப் பிரிக்கவேண்டாம், பெட்டியையும் பில்லையும் எறியவேண்டாம்.