லோ-கிரேடு இன்ஃபிளமேஷன் மார்க்கர்: பதின்பருவத்தினருக்கு ஏற்ற தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதல் வகை நீரிழிவுடன் வாழும் 12 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடத்தப்படவிருக்கும் ஆய்வொன்றின் தகவல் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தாள் வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. இந்த வயதுப் பிள்ளைகளின் இசைவையும் எழுத்தில் பெற வேண்டும். ஆகவே இதைப் படித்துக் கையெழுத்திடப்போகிறவர் எட்டாம் வகுப்பு மாணவராகவும் இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

'மெட்டபாலிக் ஹெல்த்' என்பதை 'வளர்சிதைமாற்ற நலம்' என்று எழுதியிருக்கிறேன். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்த அளவு) ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பதையே ஆய்வாளர்கள் அந்தப் பெயரால் குறிக்கிறார்கள். அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் புரதங்களான சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்), இன்டர்லூக்கின்-6 போன்ற 'இன்ஃபிளமேஷன் மார்க்கர்'களுக்கு 'அழற்சிக் குறிப்பான்' என்று இட்டேன். இவ்விரண்டிலும் எனக்குப் பெரிய ஐயமில்லை. நான் முட்டிக்கொண்டு நிற்பது 'லோ-கிரேடு இன்ஃபிளமேஷன்', அதாவது வெளியே தெரியாமல் சிறிய அளவில் நெடுநாள் நீடிக்கும் அழற்சி என்ற இடத்தில். 'தாழ்நிலை அழற்சி' என்று எழுதி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். "எனக்கு எந்தச் சாப்பாட்டுக்கும் அலர்ஜி கிடையாதே?" என்று கேட்டாள். என்ன செய்யலாம்?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அன்புடையீர், அந்த மாணவி மேல் குற்றமில்லை. ழகரம் நாவில் லகரமாகத் தளர்ந்துவிட்ட காலத்தில் அழற்சியும் அலர்ஜியும் ஒரே ஒலியாகத்தான் காதில் விழும். ஆயினும் கேட்பவரின் மயக்கத்துக்காக நல்ல சொல்லைக் கைவிட நான் உடன்படேன். சுழல் என்னும் வினையடியிலிருந்து சுழற்சியும், முயல் என்பதிலிருந்து முயற்சியும், பயில் என்பதிலிருந்து பயிற்சியும் பிறந்ததுபோல அழல் என்பதிலிருந்து இலக்கணம் வழுவாமல் பிறந்தது அழற்சி. இன்ஃபிளமேஷன் என்ற சொல்லும் இலத்தீனில் தீச்சுடரைக் குறிக்கும் வேரிலிருந்தே கிளைத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் அழற்சிக்குச் செம்மை, வீக்கம், வெம்மை, வலி என்று நான்கு அடையாளங்களை வகுத்துச் சொன்னார். இரு மொழிகளும் தனித்தனியே நெருப்பிடம் போய்ச் சேர்ந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

'தாழ்நிலை' என்பது அலுவலகக் கோப்பின் வாடை அடிக்கும் சொல். மேலே தெரியாமல் உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருப்பதை நீறுபூத்த நெருப்பு என்று சொல்வதற்குத் தமிழன் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. எனவே நீறு + அழற்சி = நீறழற்சி. இதனினும் பொருத்தமான சொல் கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், புதுச்சேரி:

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது, புணர்ச்சி தவறு. நெடிலை அடுத்து வரும் று ஈற்றுக் குற்றியலுகரம் வேற்றுமைப் புணர்ச்சியில் ஒற்று இரட்டும். நாவுக்கரசரை இட்டது நீறறையில் அன்று, நீற்றறையில். ஆகவே நீற்றழற்சி என்றே வர வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

நீற்றறை என்பது நீற்றை உடைய அறை. அங்கே வேற்றுமைப் பொருள் உண்டு. நான் சொல்வது நீறு போன்ற நிலையில் உள்ள அழற்சி, அல்வழி. அல்வழியில் இரட்டாது.

மெய்ப்புத் திருத்துநர், புதுச்சேரி:

அழற்சி எப்படி ஐயா நீறு போன்றதாகும்? நீறு மூடிய அழற்சி என்றால்தான் பொருள் வரும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை அது, வேற்றுமையே. எந்த வாசல் வழியாகப் போனாலும் நீற்றழற்சியில்தான் வந்து நிற்போம்.

குழந்தைகள் நல மருத்துவர், மதுரை:

இரு பெரியவர்களும் பொறுத்தருள வேண்டும். ஒற்று இரட்டுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். திருநீற்றுக்கு உரிய சொல்லை ஒப்புதல் தாளில் வைத்தால் பாதிப் பெற்றோர் அதைப் பூசும் நீறு என்றே எண்ணுவார்கள். நீரிழிவு, நீறழற்சி என்று அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் மறுபாதியினர் இரண்டுமே சிறுநீர்க் கோளாறு என்று முடிவு செய்வார்கள்.

இங்கே பெயரிட வேண்டியது எது என்று சொல்கிறேன். செல்சஸ் சொன்ன நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட இந்தப் பிள்ளைகளிடம் தென்படாது. பிள்ளை பள்ளிக்குப் போவான், பந்து விளையாடுவான், காய்ச்சல் இருக்காது. இரத்தத்தில் மட்டும் சி.ஆர்.பி. கொஞ்சம் கூடியிருக்கும். பெரியவர்களின் இதயநோய் வாய்ப்பைக் கணிக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவு, 3க்கு மேல் அதிகம் என்று கொள்கிறோம். 10ஐத் தாண்டினால் வேறு தொற்று ஏதேனும் உள்ளதா என்று தேடுகிறோம். இந்த எல்லைகள் பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டவை. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. அமெரிக்காவில் இளையோர் நீரிழிவை ஆராய்ந்த 'சர்ச்' ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களைக் காட்டிலும் முதல் வகை நீரிழிவுள்ள இளையோரிடம் சி.ஆர்.பி.யும், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதமும் கூடியிருந்தன. உயர்ந்த சர்க்கரை, எடை கூடுதல், பருவமெய்தும் வயதில் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காமை எனக் காரணங்கள் பலவாறு பின்னிக் கிடக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு தோன்றுவதே, உடலின் எதிர்ப்பாற்றல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிப்பதால்தான். அந்தச் செல்கள் இருக்கும் கணையத் திட்டுகளில் நடக்கும் அந்தத் தாக்குதலும் அழற்சியே, ஆனால் சி.ஆர்.பி. கூடியிருப்பது அந்தத் தாக்குதலைக் காட்டுவதாகாது. நாம் வைக்கும் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், "இன்னும் என் கணையம் எரிகிறதா?" என்று கேட்கும் பிள்ளைக்கு யார் விடை சொல்வது?

சித்த மருத்துவர், நாகர்கோவில்:

பிள்ளைகளிடம் உள்ளே நின்று வாட்டும் வெம்மைக்குக் கணை, கணைச்சூடு என்ற சொற்கள் நம் மருத்துவத்தில் வழிவழியாக உண்டு. கணையம் என்ற உறுப்பின் பெயரோடும் அது ஒலியால் உறவு கொண்டாடுகிறது. கனல், கணப்பு, கணை ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. கணையழற்சி என்று வைத்தால் பாட்டிக்கும் பேத்திக்கும் ஒருசேரப் புரியும்.

குழந்தைகள் நல மருத்துவர், மதுரை:

பாட்டிக்குப் புரியும் என்பதுதான் ஐயா என் அச்சம். கணைச்சூடு என்று காதில் விழுந்தவுடன் வீட்டில் இளநீரும் பழச்சாறும் எண்ணெய்க் குளியலும் தொடங்கிவிடும். தட்டிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குக் கணக்கில் வராத ஒரு குவளைச் சாறு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணை மட்டுமன்றிச் சூடு, வெப்பு என்ற எதுவும் வேண்டாம். கணைய அழற்சி வேறு நோயின் பெயராக வழங்கிவருவதையும் நினைவூட்டுகிறேன்.

மெய்ப்புத் திருத்துநர், புதுச்சேரி:

கணப்பு ணகரம், கனல் றன்னகரம். இவற்றை ஒரு வேரில் கட்ட எத்தனை முழம் கயிறு வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:

வணக்கம். உங்கள் உரையாடல் முழுவதும் அழற்சியைச் சுற்றியே போகிறது. எனக்கு இடறுவது 'வளர்சிதைமாற்றம்'. எங்கள் பாடநூல்களில் அது அனுசேபம். ஒரே சொல், உறுதியாக நிற்கிறது, அடைமொழி சேர்த்தாலும் ஆடாது. உங்கள் சொல்லோ வாக்கியத்தின் பாதியைத் தின்றுவிடுகிறது. போதாததற்குச் 'சிதை' என்றால் ஈமத்தீயும் கண்முன் வருகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தபோது, வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். கூச்சமில்லாமல் வேலையை முடித்தார். தூய்மை பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய மாணாக்கர் ஒருவரும் மருத்துவராகியிருக்கமாட்டார்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

கெமிஸ்தம் இன்று எங்கே இருக்கிறது என்று நண்பர் சொல்வாராக. வேதியியல் நிற்கிறது, கெமிஸ்தம் நூலகத்தில் கிடக்கிறது. வளர்சிதைமாற்றம் என்பது வினைத்தொகை. ஒரே தொகைக்குள் கட்டுதலும் உடைத்தலும் அடங்கிவிட்டன. அனுசேபம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கும் தமிழ் மாணவனுக்கு உள்ளே என்ன கிடைக்கும்?

முதல் வகை நீரிழிவுள்ள உறுப்பினர், கல்லூரி மாணவி, சேலம்:

பெரியவர்களுக்கு வணக்கம். பதினொரு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் என்பதால் இந்த இழையில் எழுத எனக்கு ஓர் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

வளர்சிதை மாற்றம் எங்கள் அறிவியல் பாடநூலில் இருந்த சொல். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அது புதிதாக இராது. அது எங்களுக்கு மிகப் பொருத்தமானது என்றே சொல்வேன். நோய் கண்டறியப்படுவதற்கு முன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்துப் போனேன். இன்சுலின் இல்லாத உடலில் வளர்ச்சி நின்று சிதைவு மட்டும் நடக்கிறது, கொழுப்பு உடைந்து கீட்டோனாகிறது என்று பின்னர் மருத்துவர் விளக்கியபோது அந்தச் சொல்லின் இரு பாதிகளும் எனக்கு உடனே விளங்கின.

'நலம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் வேண்டும். ஒல்லியாக இருந்தால் நலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எடை சரியாக இருந்தும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் கூடியிருக்கலாம் என்பதைத் தாள் சொல்ல வேண்டும். தாளில் 'கட்டுப்பாடு' என்ற சொல் வருமானால் அதையும் நீக்கிவிடுங்கள். எச்பிஏ1சி 7 விழுக்காட்டைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே அது ஒலிக்கிறது. 'குறிப்பான்' புரிகிறது. ஆனால் யாராவது அதைக் 'குறி' என்று சுருக்கிவிட்டால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சிரிக்கும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, நீங்கள் எழுதியது இந்த இழைக்கு வலுச் சேர்த்தது. குறிப்பானில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆன் ஈறு ஏறியவுடன் அது ஓர் ஆண்மகன் போல நிற்கிறது. அ, இ, உ அம்மூன்றும் சுட்டு என்றது தொல்காப்பியம். சுட்டிக்காட்டுவதைச் சுட்டி என்போம்: அழற்சிச் சுட்டி.

குழந்தைகள் நல மருத்துவர், மதுரை:

சுட்டு என்றால் 'இது', 'அது' என்று ஒன்றைத் திட்டமாகக் காட்ட வேண்டும் அல்லவா? சி.ஆர்.பி. எதையும் அப்படிக் காட்டாது. ஈரல் சுரக்கும் புரதம் அது. இன்டர்லூக்கின்-6 ஏவினால் கூடுகிறது. பல்லில் சீழ் பிடித்தாலும் சளிக்காய்ச்சல் வந்தாலும் கூடும். 1930இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டறியப்பட்டபோது, நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால்தான் பெயரில் அந்த 'சி' வந்து ஒட்டியது. அதை வைட்டமின் சி என்று நினைத்து நெல்லிக்காயை முன்வைப்பவர்களும் உண்டு. எங்கே, எதனால் என்று சொல்லாமல் 'ஏதோ இருக்கிறது' என்று மட்டும் உணர்த்துவதால் திருக்குறள் சொல்லும் குறிப்பறிதலுக்குத்தான் இது நெருக்கம். குறிப்பான் என் தேர்வு. ஆண்பால் ஈறு உறுத்தினால் குறிகாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டி மட்டும் வேண்டாம்.

கல்லூரி மாணவி, சேலம்:

சுட்டி என்றால் எங்களுக்குக் கணினியின் மவுஸ், இல்லையென்றால் குறும்புப் பிள்ளை. 'லோ-கிரேடு' என்பதற்கு 'மெல்லிய' என்று சொன்னால் போதாதா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

வியாழன் இரவாகிவிட்டது. வந்த மடல்களை வைத்துப் பார்த்தால் வளர்சிதைமாற்ற நலம் நிற்கிறது. குறிப்பானைவிடக் குறிகாட்டிக்கு ஆதரவு கூடுதல். லோ-கிரேடுக்குச் சேலத்து உறுப்பினரின் சொல்லைத் தொகையாக்கி 'மெல்லழற்சி' என்று இடுகிறேன். மருத்துவர் தனிமடலில், "மெல் என்றால் தீங்கற்றது என்று படிப்பார்கள், அளவில் சிறிது, நாளில் நீண்டது என்பதும் வர வேண்டும்" என்று எழுதினார். அதை விளக்கத்தில் சேர்த்துவிட்டேன். தாளில் போகும் பத்தி இது:

"உங்கள் சர்க்கரை அளவு நன்றாக இருக்கும்போதும் உடலுக்குள் மெல்லழற்சி இருக்கலாம். இது அலர்ஜி எனப்படும் ஒவ்வாமை அன்று; உடல் சூடும் அன்று. இதனால் வலியோ வீக்கமோ தெரியாது. ஆனால் நெடுநாள் நீடித்தால் இரத்தக் குழாய்களைப் பாதிக்கக்கூடும். இரத்தத்தில் சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறிகாட்டிகளை அளந்து இதை அறிய முயல்கிறோம். சளி, காய்ச்சல் இருந்தாலும் இந்த அளவு கூடும். அண்மையில் அப்படி இருந்திருந்தால் இரத்தம் எடுக்கும் முன் சொல்லுங்கள்."

மெய்ப்புத் திருத்துநர், புதுச்சேரி:

மெல்லடி, மெல்லியல் போல மெல்லழற்சியும் சரியே. 'மெல் அழற்சி' என்று இடம்விட்டு அச்சிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் மெல்லழற்சிக்கு என் வாக்கு இல்லை. நெருப்பின் தன்மையை அச்சொல் பாதியாகக் குறைத்துவிட்டது. என் சொற்பட்டியலில் நீறழற்சி இருக்கும், ஒற்று இரட்டாமல்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:

என் வாக்கையும் மாறுபட்டதாகவே குறித்துக்கொள்ளுங்கள். இதே தாள் எங்கள் மருத்துவமனைகளுக்கு வருமானால் வளர்சிதைமாற்றத்தை நான் தாண்டிப் போகமாட்டேன். அனுசேபம் என்று திருத்திய பிறகே அடுத்த வரியைப் படிப்பேன்.