டெக்னோசிக்னேச்சர்: ‘தொழில்நுட்பத் தடயம்’ என்பதற்கு என் வாக்கு

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேற்றுலக அறிவுள்ள உயிர்களின் தொழில்நுட்பம் விட்டுவைக்கும் அடையாளத்தைத்தான் ஆங்கிலத்தில் டெக்னோசிக்னேச்சர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்தவை பற்றி என் கருத்து இது.

> ‘வேற்றுலகச் சமிக்ஞை’ என்றே வைத்துவிடலாமே. படிப்பவர்களுக்கு உடனே புரியும்.

ஐயா, இதை மட்டும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சமிக்ஞை என்றால் ஒருவர் வேண்டுமென்றே அனுப்புவது. ரேடியோ அலைகளில் செய்தி வருகிறதா என்று தேடும்போது அது சரி. ஆனால் அறிவுள்ள உயிர்களை நேரடியாகத் தேட நமக்கு வழியில்லை, அவர்களின் தொழில்நுட்பம் விட்டுவைத்த அடையாளங்களைத்தான் தேட முடியும் என்பது வானியலாளர் ஜில் டார்ட்டரின் வாதம். இந்தச் சொல்லை 2007இல் அவர் முன்வைத்ததும் அதனால்தான். யாரும் எதையும் அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

டாபி விண்மீனையே பாருங்கள். சிக்னஸ் மண்டலத்தில், ஏறத்தாழ 1,470 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பட்டியல் பெயர் கேஐசி 8462852. கெப்லர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளை அலசிய தன்னார்வலர்கள்தான் அதன் ஒளி விசித்திரமாகக் குறைவதை முதலில் கவனித்தார்கள். வானியலாளர் டபேதா போயாஜியன் குழு 2015இல் அதை வெளியுலகுக்குச் சொன்னது. வியாழன் அளவுள்ள கோள் குறுக்கே போனால்கூட ஒளி 1 சதவீதம் குறையாது. இங்கே 2011 மார்ச்சில் 15 சதவீதம், 2013 பிப்ரவரியில் 22 சதவீதம் வரை குறைந்தது. 2011 சரிவின் வடிவம் இன்னும் வியப்பு: கிட்டத்தட்ட ஒரு வாரம் மெல்ல மெல்ல இறங்கி, பிறகு சட்டென்று மேலேறிவிட்டது. கோள் கடந்தால் இறங்குவதும் ஏறுவதும் ஒன்றுபோல் இருக்கும்.

மாபெரும் செயற்கைக் கட்டமைப்பாக இருக்குமோ என்ற ஊகத்தை வானியலாளர் ஜேசன் ரைட் எழுப்பியது இங்கேதான். கலிஃபோர்னியாவின் ஆலன் ரேடியோ தொலைநோக்கி வரிசை இரண்டு வாரங்களுக்கு மேல் அதை நோக்கிக் காதை வைத்தது, ஒன்றும் கேட்கவில்லை. ‘சமிக்ஞை’ என்று எழுதும் கட்டுரை இந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையில் ஆய்வு இதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. பொதுமக்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்த பணத்தில் விண்மீனைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2017 மே மாதம் மறுபடி ஒளி சரிந்தபோது பல நிறங்களில் தனித்தனியே அளந்தார்கள். நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்கியிருந்தது. திடமான கட்டமைப்பு மறைத்திருந்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் குறைந்திருக்கும். ஆக, மறைத்தது நுண்ணிய தூசு. 2018 ஜனவரியில் இந்த முடிவு வெளியானது. அந்தத் தூசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்கு அதுவே போதுமான அதிசயம்.

> ‘நுட்பச்சுவடு’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அம்மா, அழகு மறுக்க முடியாதது. ஆனால் ‘நுட்பம்’ தனியே நிற்கும்போது நுணுக்கம் என்ற பொருள் முந்திக்கொள்ளும். மேலும் சுவடு என்றாலே யாரோ நடந்துபோனது உறுதியாகிவிடுகிறது. தடயம் அப்படியில்லை. கிடைத்த தடயத்தைச் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிடலாம். தடயவியல் துறையின் அன்றாட வேலையே அது. வானியலாளர்கள் செய்வதும் அதைத்தான். விண்மீன்களைச் சூழ்ந்த செயற்கைக் கட்டமைப்புகளைத் தேடி சுமார் 50 லட்சம் விண்மீன்களை அலசிய ஹெஃபைஸ்டோஸ் திட்டம், அளவுக்கு மீறிய அகச்சிவப்பு வெப்பம் காட்டிய 7 செங்குறுமீன்களை (சிறிய சிவப்பு விண்மீன்களை) 2024இல் முன்வைத்தது. அதே ஆண்டில், அவற்றில் மூன்றுக்குப் பின்னால் தொலைதூரத் தூசுமண்டிய விண்மீன் திரள்கள் இருக்கக்கூடும், அந்த வெப்பம் அவற்றுடையதாக இருக்கலாம் என்று ரேடியோ தரவுகளை வைத்து வேறொரு குழு காட்டியது.

‘செயற்கைத் தடயம்’ வேண்டவே வேண்டாம், ஜோடிக்கப்பட்ட சாட்சி போல ஒலிக்கிறது. ‘நாகரிகத் தடயம்’ அகழாய்வுச் செய்திகளுக்கே உரியதாகிவிட்டது.

எனவே என் வாக்கு ‘தொழில்நுட்பத் தடயம்’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். உயிர் இருப்பதைக் காட்டும் அடையாளமான பயோசிக்னேச்சருக்கு ‘உயிர்த்தடயம்’ என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். பாடநூல் எழுதுபவர்களுக்கு அது பெரிய உதவி.

ஒளி குறைவதற்கு ‘ஒளிச்சரிவு’ என்று நான் எழுதிவருகிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள். ‘டைசன் கோளம்’ பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1960இல் எழுதியது, விண்மீனின் ஆற்றலை உறிஞ்சும் அமைப்புகள் வெளியிடும் அகச்சிவப்பு வெப்பத்தைத் தேடுவது பற்றி. முழுசாக மூடிய ஓடு நிலைக்காது, தனித்தனியே சுற்றிவரும் பொருட்களின் கூட்டத்தையே தான் எண்ணியதாக அவரே பிறகு விளக்கினார். நம் பட்டியலில் ‘டைசன் திரள்’ என்பதை முதன்மைச் சொல்லாக வைத்து, ‘கோளம்’ என்பதை வழக்குச் சொல்லாக அடுத்துக் கொடுக்கலாமா? ‘திரள்’ ஏற்கெனவே விண்மீன் திரளுக்குப் போய்விட்டது என்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள்.